நோர்மண்டிப் பெருமாள்

களவெடுத்தது நான்தான். அதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு ஆளாளுக்குக் கதை கட்டக்கூடாது.

போன கோடையில் ஊர்ச்சங்கம் நோர்மண்டிக் கடற்கரைக்கு பஸ் விட்டது. அங்கே பாறைச்சுவரில் சக்கரம் போலச் சுருண்ட கல்லொன்று பாதி வெளியே தெரிந்தது. பக்கத்தில் ஒரு பலகை, சுத்தியல் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. என்னிடம் சுத்தியல் ஏது? வீட்டுக் கதவுத் திறப்பால் பத்து நிமிடத்தில் கிண்டி எடுத்துவிட்டேன்.

பூங்காவில் ஒரு பூப் பறித்தாலே ஏசுகிறவள் என் மனைவி ஜெகதீஸ்வரி. அதனால், “நேபாளத்துச் சாளக்கிராமம், தெரிஞ்ச ஆள் தந்தவர்” என்று அவிழ்த்துவிட்டேன். சக்கரத்தையே பெருமாளாய்க் கும்பிடுகிற வல்லிபுரக் கோயிலடியில் வளர்ந்தவள் அல்லவா, சக்கரத்தைக் கண்டதும் அழுதேவிட்டாள். அன்றிலிருந்து எங்கட ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் உள்ள எங்கள் பலசரக்குக் கடைச் சாமித்தட்டில் அதற்குத் தினமும் பாலும் துளசியும்.

போன வெள்ளி பருப்பு வாங்க வந்த ஆன்ஜெலிக் அந்தத் தட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். பழங்காலப் பாறைகளை ஆராய்கிற பெண்.

“இது எங்கே கிடைத்தது?”

“நேபாளம்.”

“நேபாளமா! இந்த இனம் அங்கே கிடைத்ததாக யாருமே எழுதவில்லை. இன்றைக்கே எழுதப்போகிறேன்.”

பருப்பைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் நாசமாய்ப்போன ஆசை, இது என்னதான் என்று அறியவேண்டும். உண்மையைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது? சொன்னால் பின்னால் நிற்கிற ஜெகதீஸ்வரிக்கும் கேட்கும். அவளுக்கு என்னைவிட நல்லாய் பிரெஞ்சு விளங்கும்.

சொல்லிவிட்டேன்.

ஆன்ஜெலிக்கின் முகம் விழுந்துபோனது. “கல்லாய்ப்போன கடலுயிர் இது, கணவாய் மீனின் தூரத்து உறவு. பதினாறு கோடி ஆண்டு அந்தப் பாறைக்குள் கிடந்திருக்கிறது. எதற்குப் பக்கத்தில், எந்தப் பாறை அடுக்கில் கிடந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். அது பொதுநிலம், யாரும் கிண்டக்கூடாது. இடமாவது நினைவிருக்கிறதா?”

நான் வாய் திறக்குமுன் ஜெகதீஸ்வரி கல்லைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“நாங்களே இருந்த இடத்திலையிருந்து பிடுங்குப்பட்டு வந்தனாங்கள்,” என்றாள் என்னைப் பார்த்து. “நீங்களே இதைச் செய்தனீங்கள்?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை, அந்த இடத்தைக் காட்ட மூவரும் கல்லோடு ரயிலேறினோம். வழி முழுக்க ஜெகதீஸ்வரி ஆன்ஜெலிக்கைத் துளைத்தெடுத்தாள். அதற்குக் கண் இருந்ததா, என்ன தின்றது, குஞ்சு பொரிக்குமா? என்னோடு மட்டும் ஒரு சொல் பேசவில்லை.