விளக்கு எத்தனை காலம் எரிந்தது?

எங்கள் ஊர் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வினாடி வினா நடக்கும். ஜெயிக்கிற மேசைக்கு ஒரு தட்டு இறைச்சி பரிசு. நாலு ஆட்டுச் சாப்ஸ், ஒரு முழம் சாசேஜ், கொஞ்சம் பன்றித் துண்டு, அவ்வளவுதான். அந்தத் தட்டுக்காக நான் போட்ட சண்டைகளை எழுதினால் அதுவே ஒரு புத்தகம் ஆகும். கேள்வி கேட்கிறவர் ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னாலும் விட மாட்டேன், எழுந்து நின்றுவிடுவேன். வெர்னா எழுந்துவிட்டாள், இனி வீட்டுக்குப் போன மாதிரிதான் என்று அடுத்த மேசையில் ராஸ் முனகுவான். முனகட்டுமே. சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு. ஆண்டவன் வாயை எதற்கு வைத்திருக்கிறான்?

இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாள் வாயைத் திறக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்லலாம் என்று தள்ளினால் சொல்லாமலே போய்விடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜூலை மாதம். என் கணவர் மெர்வினுக்கு ஒரு படகு இருந்தது. சிங்கி இறால் பிடிக்கக் கடலில் கூடு போட்டிருந்தார். அவருக்கு இடுப்பு வலி, அதனால் கூடு தூக்குவதெல்லாம் எங்கள் இரண்டு பையன்கள்தான். ஜேரட்டுக்கு இருபத்து நாலு வயது, பிராடிக்குப் பத்தொன்பது. அன்றைக்குக் காலையில் ரேடியோவில் காற்று எச்சரிக்கை சொன்னார்கள். "இன்னிக்கு வேணாம்ப்பா" என்றான் ஜேரட். "ரெண்டு அலையப் பாத்துப் பயந்தா கூட்ட யாரு தூக்குறது? கெளம்புங்க" என்றார் இவர். மூன்றடி தள்ளி நின்று நான் பையன்களின் மத்தியானச் சாப்பாட்டுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். நிலமுனையைத் தாண்டியதும் படகு கவிழ்ந்தது. ஜேரட் நீந்திக் கரை சேர்ந்தான். பிராடியை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து இதே கிளப் ஹாலில்தான் எல்லோருக்கும் டீயும் சாண்ட்விச்சும் கொடுத்தோம். அந்தக் காற்றில் எப்படிப் போனார்கள் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். "நான் வேணாம்னுதான் சொன்னேன். இவன்தான் தம்பிய இழுத்துட்டுப் போனான்" என்றார் மெர்வின். ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். ஜேரட் கையில் தட்டோடு நின்றான். அவன் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் வெந்நீர்க் குழாயடியில் கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து நிரப்பினேன்.

ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால் மனுஷன் அங்கேயே உடைந்து விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். பிள்ளை சின்ன வயசு, தாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். நல்ல கணக்குப் போட்டேன் போங்கள். அந்த வாரமே ஜேரட் கப்பலேறி அக்கரை ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். டாஸ்மேனியாத் தீவில் பிறந்தவனுக்குக் கோபம் வந்தால் போக அந்த ஒரு கப்பல்தானே இருக்கிறது.

முதல் கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினேன். தபாலாபீசில் பத்து நிமிஷம் நின்று பொறுக்கி எடுத்த அட்டை. முன்பக்கம், வாசலில் விளக்கோடு நிற்கிற அந்தச் சினிமா அம்மாவின் படம். உள்ளே ஒரே வரிதான் எழுதினேன். "விளக்கை அணைக்க மாட்டேன். இப்படிக்கு, அம்மா."

இந்த வரியைத் தெரியாதவர் இந்த நாட்டில் உண்டா? பியர் குப்பியின் கழுத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலை விடுதிக் கதவில் இருக்கிறது. ஃபுட்பால் ஆட்டத்தில் நம் பக்கம் தோற்றுக்கொண்டிருந்தால் மொத்தக் கூட்டமும் ஃபோன் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இதைத்தான் கத்தும். கல்யாணத்திலும் இந்த வரி வருகிற பாட்டு, கருமாதியிலும் அதே பாட்டு. என் வீட்டில் பாத்திரம் துடைக்கிற துணியில்கூட இருக்கிறது. எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை. மகன் தங்கம் தேடிப் போகிறான், அம்மா வாசலில் விளக்கேற்றி வைக்கிறாள், நாற்பது வருஷம் அணையாமல் காக்கிறாள், கடைசியில் அவன் நரைத்த தலையோடு வந்து நிற்கிறான். பதினோரு தடவை பார்த்திருக்கிறேன், பதினோரு தடவையும் அழுதிருக்கிறேன். அது "ஒன்பது மைல் ஓடை" என்று ஒரு பழைய நாவலிலிருந்து எடுத்தது. பள்ளிக்கூடத்தில் பாடமாக வைப்பார்கள். நான் படித்ததில்லை. படம் இருக்கும்போது புத்தகம் எதற்கு?

ஜேரட் பதில் போடவில்லை. அடுத்த வருஷமும் அதே வரியை எழுதி அனுப்பினேன், அதற்கடுத்த வருஷமும் அதையே. ஆறாவது வருஷம் மெர்வின் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அதற்கும் அவன் வரவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது, பெண் பெயர் டானியா என்று என் சிநேகிதி கிளெனிஸ் அவள் தங்கை மூலம் கேள்விப்பட்டுச் சொன்னாள். அவனுடைய ஃபோன் நம்பரையும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்துத் தினமும் பால் எடுக்கும்போது பார்ப்பேன். பெற்ற பிள்ளை திரும்பிப் பேசினால் போதும், எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் வினாடி வினாவில் ஒரு சுற்றுக்கு "புத்தகத்திலிருந்து புறப்பட்டவை" என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்த நாவலின் பெயர் எந்தப் பிஸ்கட்டுக்கு வந்தது, எந்தக் கப்பல் தலைவன் எந்த மீன் கடையின் பலகையில் இருக்கிறான், அந்த மாதிரிக் கேள்விகள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ஜோக்கர் சீட்டு உண்டு. அதை எந்தச் சுற்றில் வைக்கிறோமோ அந்தச் சுற்றில் மார்க் இரட்டிப்பாகும். டிவிப் பெட்டியே கதி என்று கிடக்கிறவள் நான், புத்தகத்தையெல்லாம் படமாகப் பார்த்தாயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டு ஜோக்கரை அதில் வைத்தேன். கிளெனிஸ் வேண்டாம் என்றாள். அவள் பேச்சை எப்போது கேட்டிருக்கிறேன்?

ஒன்பதாவது கேள்வி. "ஒன்பது மைல் ஓடை நாவலில் தாய் ஏற்றிவைத்த விளக்கு எத்தனை காலம் எரிந்தது?" நாற்பது வருஷம் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும் விடைத்தாளைப் பக்கத்து மேசையோடு மாற்றிக்கொண்டு திருத்த வேண்டும், அதுதான் வழக்கம். கேள்வி கேட்ட லியோனி தபாலாபீசில் வேலை செய்கிறவள். அவள் விடையைப் படித்தாள். ஒரே ஒரு சாயங்காலம்.

ஹாலே சிரித்தது. நான் எழுந்துவிட்டேன். எந்தப் பைத்தியக்காரன் எழுதிக் கொடுத்த விடை இது, குழந்தையைக் கேட்டாலும் நாற்பது என்று சொல்லுமே என்று ஆரம்பித்துப் பிடிபிடியென்று பிடித்தேன். லியோனி பொறுமையாகப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். எங்கள் கிளப்பில் ஒரு விதி இருக்கிறது. மறுத்துப் பேசியவர் தோற்றால் சரியான விடையை அவரே மைக்கில் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும். என் தொல்லை தாங்காமல் கொண்டுவந்த விதி அது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய் மைக் முன்னால் நின்று படித்தேன்.

"விளக்கை அணைக்க மாட்டேன் என்று மகனிடம் சொன்னாள். அவன் ஓடையைக் கடக்கும் வரை அதைப் பிடித்தபடி நின்றாள். உள்ளேயிருந்து கணவன் கூப்பிட்டான். ஊதி அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்லவில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். வெர்னா மூக்கறுபட்டால் ஊருக்குத் திருவிழாதான். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பத்தாம் வகுப்பில் ஜேரட் இந்த நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தான். ஊரெல்லாம் இதைத் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறது, அந்த அம்மா பொய்தான் சொல்கிறாள் என்று சாப்பாட்டு மேசையில் அரைமணி நேரம் பேசினான். நான் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே ஊம் ஊம் என்றேன். அந்தப் பிள்ளைக்குத்தான் அதே வரியை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவையா? எட்டுத் தடவை. அவன் என்ன நினைத்திருப்பான்? நான் சொன்னதை வைத்தே அம்மா என்னைக் கேலி செய்கிறாள், என் பெயரைக்கூட இனி சொல்ல மாட்டாள் என்றுதானே நினைத்திருப்பான்?

வெட்கத்தை விட்டு இதையும் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடப்பாவி, இவ்வளவுதானா, ஒரு தப்பான வரியா இத்தனை வருஷம் என் பிள்ளையைப் பிரித்து வைத்தது? தப்பு என்றால் திருத்திவிடலாமே. இறைச்சித் தட்டு ராஸின் மேசைக்குப் போனது. வெர்னா சண்டை போடாமல் வீட்டுக்குப் போகிறாளே, காய்ச்சலா என்று கேட்டான். அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை, பன்னிரண்டு மணிக்கு நம்பரைப் போட்டேன். அவனேதான் எடுத்தான். குரல் தடித்திருந்தது, ஆனால் அவன் குரல்.

"ஜேரட், அம்மா பேசறேன்."

"யாராவது செத்துட்டாங்களா?" என்றான்.

இல்லை என்றேன். வினாடி வினா, ஒன்பதாவது கேள்வி, மைக், புத்தகம், அட்டை என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். எனக்குத் தெரியாதுப்பா, அந்தப் புத்தகத்தை நான் படித்ததே இல்லை, படத்தில் வருகிற மாதிரிதான் நினைத்து எழுதினேன், நிஜமாகவே நீ வருவாய் என்று காத்திருந்தேன் என்றேன்.

"தெரியும்மா" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ புத்தகம் படிக்கலைன்னு தெரியும். மொத அட்டையப் பாத்தப்பவே தெரியும். நீ என்ன சொல்ல வந்தேன்னும் புரிஞ்சுது."

"புரிஞ்சுமாப்பா வரல?"

"உன் வாயிலேருந்து ஒரு வார்த்தை வரும்னு பாத்தேன். எட்டு வருஷமும் பியர் விளம்பரந்தான் வந்துச்சு." அவன் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். "ரெண்டு மார்க்குக்காக மைக்கைப் புடுங்குறவ நீ. அன்னிக்கு அதே ஹால்ல டீ ஊத்திக்கிட்டு நின்ன."

வாயைத் திறந்தேன். நாக்கில் வந்ததெல்லாம் எங்கோ கேட்ட வசனம், ஏதோ பாட்டு வரி. ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

"அப்பாதான் போகச் சொன்னாரு. நீ வேணாம்னு சொன்னே. நான் பக்கத்துல நின்னு ரொட்டிக்கு வெண்ணெ தடவிக்கிட்டிருந்தேன். ரெண்டையும் என் காதால கேட்டேன்."

"இரு" என்றான். டானியா, இங்கே வா என்று மனைவியைக் கூப்பிட்டான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டது கேட்டது. "இன்னொரு தடவ சொல்லும்மா. அவ கேக்கட்டும்."

சொன்னேன். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை கஷ்டமாக இருந்தது. முடித்ததும் ஒரு நாற்காலி நகர்ந்தது, ஒரு கதவு திறந்து மூடியது. நான் முகம் பார்த்திராத ஒரு பெண் பேசினாள்.

"வெர்னா, நான் டானியா. கல்யாணத்துக்கு முன்னாடியே அவர் இத எங்கிட்ட சொன்னாரு. நம்புறேன்னுதான் நானும் சொல்லிக்கிட்டிருந்தேன். ஆனா, சொந்த அம்மாவே ஒண்ணும் சொல்லலையேன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு இருந்துச்சு. அது அவருக்கும் தெரியும்." அழுகையில் அவள் பேச்சு நின்றது.

ஆக, அவனுடைய வீட்டுக்குள்ளும் போய் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மெர்வின் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷம் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜேரட்டிடம் கொடும்மா என்றேன். அவர் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார், இப்போது கூப்பிட முடியாது என்றாள். பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன் என்றேன். அவள் ஃபோனை வைக்காமல் மேசைமேல் விட்டுவிட்டுப் போனாள். கார்ட்டூன் சத்தம் கேட்டது. ஒரு சின்னப் பெண் குரல், ஃபோனில் யார் என்று கேட்டது. எனக்கு ஒரு பேத்தி இருப்பது அப்போதுதான் தெரியும்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சவங்கடா செல்லம்" என்றாள் டானியா.

இருபது நிமிஷம் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவன் வரவில்லை.