பதினாறு எம்.பி.யில் ஓடிய பஸ்

மாசாணம் இருபத்தாறு வருடம் பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும் இடையில் தனியார் பஸ் ஓட்டினார். அந்த ரோட்டில் ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நான்கைந்து நிமிடம்தான் இடைவெளி. அதனால் முன்னால் போகிற பஸ்ஸைப் பிடிப்பதும் பின்னால் வருகிற பஸ்ஸுக்குப் பிடிகொடுக்காமல் இருப்பதும்தான் டிரைவர் வேலை என்று மற்றவர்கள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மாசாணம் மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. அவசரக்காரர்கள் அவர் பஸ்ஸில் ஏற மாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் முட்டைத் தட்டு கொண்டுபோகிறவர்களும் காத்திருந்து ஏறுவார்கள்.

1999 மார்ச்சில் ஒரு நாள் சாயங்காலம் அவர் சாவியை முதலாளி சென்னகேசவனிடம் கொடுத்துவிட்டு கிணத்துக்கடவில் இருந்த வீட்டுக்கு வந்தார். இனி வேலைக்குப் போகப்போவதில்லை என்று மனைவி செல்லாத்தாளிடம் சொன்னார். காரணம் சொல்லவில்லை. செல்லாத்தாள் தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள். மெதுவாக ஓட்டுகிறார் என்று முதலாளி நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு தெருக்குழாயிலும் ரேஷன் கடையிலும் சென்னகேசவனுக்கு நல்ல பேர் இல்லாமல் போனது. மாசாணம் அதை மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை.

இரண்டு வீடு தள்ளி மெயின் ரோட்டைப் பார்த்த அறையில் மெர்சி டைப்பிங் சென்டர் வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட் எல்லாம் அங்கே அச்சாகும். முப்பது வயதுக்காரி. மாசாணத்தைப் பெரியப்பா என்று கூப்பிடுவாள். பெரியப்பா பகலெல்லாம் வாசலில் நின்று, போகிற பஸ்களின் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருப்பதை இரண்டு மாதம் பார்த்தாள். பிறகு, உள்ளே வந்து ஃபேனுக்கடியில் உட்காருங்கள், அங்கிருந்தும் ரோடு தெரியும் என்று சொன்னாள். அவர் வந்து உட்கார்ந்தார்.

ஜூன் மாதம் மெர்சியின் கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் மாட்ட காந்திபுரத்திலிருந்து கதிர் வந்தான். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிற கடைக்காரன். டிரைவ் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துப் போட்டான். கார் ரேஸ் ஆட்டம். வழக்கமான ரேஸ் போல ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வருவதல்ல, ஒரு வெளிநாட்டு ஊரையே உள்ளே கட்டிவைத்திருக்கிறார்கள், எந்தத் தெருவில் வேண்டுமானாலும் போகலாம் என்று கதிர் விளக்கினான். ஆனால் இந்த மெசினில் ஓடாது என்றும் சொன்னான்.

ஏன் ஓடாது என்று மாசாணம் கேட்டார். கதிர் சிடி அட்டையின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினான். பென்டியம் நூற்று அறுபத்தாறு, முப்பத்திரண்டு எம்.பி. ராம், படம் காட்டுவதற்கென்றே நாலு எம்.பி.யில் தனியாக ஒரு திரீ-டி கார்டு. இதெல்லாம் குறைந்தபட்சம். மெர்சியிடம் இருந்தது பென்டியம் நூற்று முப்பத்து மூன்று. ராம் பதினாறு எம்.பி. திரீ-டி கார்டு இல்லவே இல்லை.

மாசாணம் அந்த அட்டையை வாங்கி, எழுத்துக் கூட்டி, முழுதும் படித்தார். வண்டியின் பக்கவாட்டில் காலி எடை, ஏற்றிய எடை என்று எழுதியிருப்பது போலத்தான் இதுவும் என்பது அவருக்கு உடனே புரிந்தது. எழுதியிருப்பதற்குக் குறைவாக வைத்துக்கொண்டு வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது என்று சொன்னார். கதிருக்கு அது சவால் போலப் பட்டது. படத்தின் அளவைச் சுருக்கினான், நிழலை எடுத்தான், வானத்தை எடுத்தான், எதையெல்லாம் எடுக்க முடியுமோ அதையெல்லாம் எடுத்தான். நாலு நிமிடம் கழித்துத் திரையின் நடுவில் தபால் அட்டை அளவுக்கு ஓர் ஊர் வந்தது. கட்டடங்கள் எல்லாம் பூசாத சிமெண்ட் பெட்டிகள் மாதிரி நின்றன. கார் நகர்ந்தது. நகர்ந்து, யோசித்து, மறுபடியும் நகர்ந்தது.

இதில் ரேஸ் ஓட்டினால் விடிந்துவிடும் என்று கதிர் நிறுத்தப் போனான். அதற்குள் மாசாணம், தேர்ந்தெடுக்கக் கொடுத்திருந்த வண்டிகளின் வரிசையில் கடைசியாக ஒரு பஸ் இருப்பதைப் பார்த்துவிட்டார்.

அன்று மூன்று மணிக்கு அவர் அந்த ஊரில் முதல் முறையாக பஸ்ஸை எடுத்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கீபோர்டின் அம்புக்குறிச் சாவிகளின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். ஆரம்பக் கோட்டில் நின்ற மற்ற வண்டிகள் எல்லாம் பாய்ந்து போய்விட்டன. மாசாணம் அவற்றைப் போகவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அந்த ஊரில் வலது பக்கமாகப் போகவேண்டும் என்பது தெரிய அரை மணி நேரம் ஆனது. அதுவரை எதிரே வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். சிவப்பு விளக்குக்கெல்லாம் நின்றார். ஆட்டம் முடிந்ததும் திரையில் இங்கிலீஷில் ஏதோ வந்தது.

"தோத்துட்டீங்கன்னு சொல்லுதுங்க பெரியப்பா" என்றாள் மெர்சி.

"ஆருகிட்ட?" என்று கேட்டார்.

மறுநாள் ரேஸ் இல்லாமல் சும்மா சுற்றுகிற வழியை மெர்சி கண்டுபிடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு ரூட் அமைந்தது. ஆற்றுப்பாலத்தில் கிளம்பி, ஒருவழிப்பாதை வழியாகப் போய், ஒரு பெரிய விளையாட்டு மைதானத்தின் வாசலில் முடியும். பன்னிரண்டு ஸ்டாப்பை அவரே வைத்தார். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, ஆள் ஏறுகிற நேரம் கொடுத்து எடுப்பார். ஏற ஆள் கிடையாது. நடைபாதைகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் சுத்தமாகக் கிடந்தன. பதினாறு எம்.பி. ராமில் அந்த பஸ்ஸால் மணிக்கு நாற்பதுக்கு மேல் போக முடியவில்லை. மற்றவர்களுக்கு அது பெரிய குறை. மாசாணத்துக்கு அது குறையாகவே தெரியவில்லை. ஓர் இடத்தில் மட்டும், இடது பக்கம் திரும்பும் மூலை மிகவும் குறுகல். வண்டியின் நீளத்துக்கு நடைபாதை மேல் ஏற்றித்தான் திருப்ப வேண்டும். அங்கே யாரும் இல்லாததால் ஏற்றித் திருப்பினார்.

மூன்று மணிக்கு மேல் மெர்சி சாப்பிடுகிற ஒரு மணி நேரம் அவருடைய டிரிப் நேரமானது. கரண்ட் போனால் பாதியில் இறங்கி வீட்டுக்குப் போவார். செல்லாத்தாள் மோர் கொண்டுவந்து பின்னால் நின்று பார்ப்பாள். ஆளில்லாத ஊருக்கு எதற்கு பஸ் என்று ஒரு நாள் கேட்டாள். ரூட் இருக்கிறது, அதனால் ஓடுகிறது என்றார்.

இப்படி நாலு மாதம் ஓடியது. அக்டோபரில் மெர்சிக்குக் கலர் ஆல்பம் வேலைகள் வர ஆரம்பித்தன. போட்டோ ஒன்றைத் திறப்பதற்குள் வாடிக்கையாளர் பொள்ளாச்சி போய்த் திரும்பிவிடலாம் என்ற நிலை. கதிரை வரச் சொன்னாள். அவன் அறுபத்து நாலு எம்.பி. ராம் கொண்டுவந்தான். கூடவே, பீளமேட்டில் ஒரு இன்ஜினியரிங் மாணவன் கழற்றிக் கொடுத்த பழைய திரீ-டி கார்டையும் கொண்டுவந்தான். கார்டு ஆல்பத்துக்குத் தேவையில்லை. பெரியப்பாவுக்காக மெர்சிதான் சொல்லியிருந்தாள்.

மூன்று மணிக்கு மாசாணம் வந்து உட்கார்ந்தபோது கதிர் கை கட்டி நின்றான். செல்லாத்தாள் மோருடன் வாசற்படியில் இருந்தாள். ஊர் அரை நிமிடத்தில் வந்தது. திரை முழுக்க வந்தது. வானம் இருந்தது, ஆற்றில் தண்ணீர் இருந்தது, கட்டடங்களுக்கு ஜன்னல் முளைத்திருந்தது. மாசாணம் பஸ்ஸை எடுத்தார். பஸ் சட்டென்று கிளம்பியது. அவர் வேகத்தைத் தட்டித் தட்டிக் குறைத்து, பழகிய ரூட்டில் போனார். மூலை வந்தது. வழக்கம் போல இடது பக்கம் ஏற்றித் திருப்பினார்.

நடைபாதையில் ஆட்கள் இருந்தார்கள். ஐந்தாறு பேர். நீலக் கவுன் போட்ட ஒரு பெண் பஸ்ஸுக்கு ஓரடி முன்னால் எகிறிக் குதித்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாசாணம் சாவிகளிலிருந்து கையை எடுத்துவிட்டார். பஸ் தானாகப் போய் ஒரு விளக்குக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது.

"இவங்க முன்னாலயே இருந்தாங்களா கண்ணு?" என்று கதிரிடம் கேட்டார்.

"புரோகிராமுல இருந்தாங்கதானுங்க. காட்டறதுக்குத்தான் நம்ம மெசினுக்குச் சத்து பத்தலீங்க."

"நாலு மாசமாவா?"

"ஆமாங்க. ஆனா இதுல ஆருக்கும் அடிபடாதுங்க. எப்படி ஓட்டுனாலும் குதிச்சுருவாங்க. அப்படித்தான் எழுதி வெச்சிருக்கறாங்க." காட்டுவதற்காகக் கதிர் குனிந்து பஸ்ஸை எடுத்து, கூட்டமாக நின்றவர்களுக்கு நடுவே விட்டான். எல்லோரும் குதித்தார்கள். இரண்டாம் முறையும் குதித்தார்கள். மூன்றாம் முறை மாசாணம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மார்ச் மாசம் ஒத்தக்கால்மண்டபத்துல ஒரு அம்மா. தக்காளிக் கூடையோட எடப்பக்கம் நின்னிருக்கறாங்க. கண்டக்டர் கத்துனான், நான் பிரேக்கப் போட்டேன். டயரு கூடை மேல நின்னுருச்சு. அந்தம்மாளுக்கு ஒன்னும் ஆகலீங்க. ஆனா நான் அவங்களப் பாக்கவே இல்ல. எடது கண்ணு தீவாளிக்கு முன்னாலிருந்தே மங்கல். சரியாயிரும்னு ஓட்டிட்டிருந்தேன். அன்னைக்கு அந்தம்மா அங்கதான் இருந்தாங்க. எனக்குத்தான் காட்டல."

மெர்சி எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்தாள். செல்லாத்தாள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அப்ப மொதலாளி உங்கள நிறுத்தலீங்களா?"

"இல்ல. இருக்கச் சொல்லித்தான் சொன்னாரு."

"ஏழு மாசமா அந்த மனுசன நான் பேசாத பேச்சில்லீங்களே."

"தெரியும்."

அதற்குப் பிறகு அவர் சென்டர் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் செல்லாத்தாள் வந்து, அந்த மனுசர்களை எடுத்துவிட முடியாதா என்று மெர்சியிடம் விசாரித்தாள். மெர்சி கதிருக்கு போன் போட்டாள். ஆட்டத்தின் செட்டிங்கில் ஒரு டிக்கை எடுத்தால் ஆட்கள் காணாமல் போவார்கள் என்று அவன் சொன்னான். மெர்சி இதை மாசாணத்திடம் போய்ச் சொன்னாள். இருக்கிறவர்களை இல்லை என்று வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் செல்லாத்தாள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை வேட்டி மாற்றச் சொல்லி, ஒத்தக்கால்மண்டபத்துக்கு பஸ் ஏற்றினாள். வழியெல்லாம் மாசாணம் முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் பார்க்க வேண்டியதையெல்லாம் தானும் பார்த்துக்கொண்டு வந்தார்.

தக்காளிக்காரம்மாளைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. ஸ்டாப்புக்குப் பக்கத்திலேயே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். பெயர் பங்காரம்மாள். அறுபதைத் தாண்டியவள், தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். மாசாணம் எதிரே நின்று, மார்ச் மாதம் கூடையில் பஸ் ஏற்றியது தான்தான் என்றார்.

பங்காரம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். குரலை உயர்த்தாமல், நடுவில் வந்தவர்களுக்குத் தக்காளி நிறுத்துக் கொடுத்துக்கொண்டே, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து திட்டினாள். மூங்கில் கூடை புதுசு என்பது முதலில் வந்தது. அன்று காலையில் பறித்த பழம் என்பது அடுத்து வந்தது. டிரைவர்களின் பொதுவான குணங்கள் அதற்குப் பிறகு வந்தன. மாசாணம் வெயிலில் நின்று முழுதும் கேட்டார். செல்லாத்தாள் ஓர் இடத்தில் குறுக்கே பேசப் போனாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

முடித்துவிட்டு அவள் தண்ணீர் குடித்தாள். இப்போது எந்த பஸ் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டாள். ஓட்டவில்லை என்றார். ஏன் என்று கேட்டாள். கண் சமாச்சாரத்தைச் சொன்னார்.

பங்காரம்மாள் கொஞ்ச நேரம் தராசுத் தட்டைத் துடைத்தாள்.

"நானும் அன்னைக்கு உங்க பஸ்ஸப் பாக்கலீங்க" என்றாள். "எனக்கு அப்ப ரெண்டு கண்ணுலயும் பொரை. சத்தம் மட்டுந்தான் கேட்டுது. அது தூரத்துல வருதாக்கும்னு ஒரு எட்டு முன்னால வந்து நின்னேன். மே மாசம் கண்ணு கேம்ப்புல ஆபரேசன் பண்ணிப்போட்டாங்க."

மாசாணம் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி அழுக்காகும் என்று செல்லாத்தாள் சொன்னது அவர் காதில் விழவில்லை. அவருடைய முகம் சிரிப்பதற்குத் தயாராகி, பழக்கமில்லாததால் பாதியிலேயே நின்றது. ஏழு மாதமாக மார்பில் வைத்திருந்த ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது போல இருந்தது என்று பிற்பாடு மெர்சியிடம் சொன்னார். போய்விட்டது என்று சொல்லவில்லை. பார்க்காதது பார்க்காததுதான்.

கேம்ப் அடுத்த மாதமும் உண்டு என்று பங்காரம்மாள் தேதி சொல்லி அனுப்பினாள். திரும்பும்போது செல்லாத்தாள் பாதி வழியில், சென்னகேசவன் வீடு இருந்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாம் என்றாள். சென்னகேசவன் வீட்டு வாசலில் நின்று, தான் அவரைத் தப்பாகப் பேசிவிட்டதாகச் சொன்னாள். அவருக்கு அவள் பேசியது எதுவும் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்துகொண்டார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

கேம்ப்பில் ஒரு பெண் டாக்டர் மாசாணத்தின் கண்ணை விளக்கடித்துப் பார்த்தார். இது புரை இல்லை, சர்க்கரை, இரத்தம் எடுத்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்றார். இடது கண்ணில் போனது போனதுதான். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் வலது கண் நிற்கும். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டார். வந்தால் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிடுவீர்களே என்றார் மாசாணம். இப்போது ஓட்டுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். போன மாதம் வரை கம்ப்யூட்டரில் தினமும் ஒரு டிரிப் ஓட்டினேன் என்று சொல்ல வாயெடுத்து, விளக்க நேரமாகும் என்பதால் இல்லை என்றார்.

டிசம்பர் முதல் வாரத்தில் அவர் மெர்சியின் சென்டருக்கு வந்தார். நாற்காலியை இழுத்து, மானிட்டருக்கு நன்றாக இடது பக்கமாகப் போட்டுக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால் முழுத் திரையும் வலது கண்ணுக்குள் அடங்கியது. கழுத்துதான் கொஞ்சம் வலித்தது. ஆட்கள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஆற்றுப்பாலத்தில் பஸ்ஸை எடுத்தார். குறுகலான மூலைக்குப் போகாமல் இரண்டு தெரு சுற்றிப் போகிற புது ரூட் ஒன்றை அன்றே வகுத்தார். அதில் ஸ்டாப் பதினான்கு. டிரிப் முடிய முன்பைவிடப் பன்னிரண்டு நிமிடம் கூட ஆனது. மெர்சி அதற்கேற்றபடி மெதுவாகச் சாப்பிடப் பழகிக்கொண்டாள்.