பதினோரு வருட அனுபவச் சான்றிதழ்

அந்த மாடியறை பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு அறை, ஒரே ஒரு ஜன்னல், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். விவாகரத்து ஆனதிலிருந்து ஐந்து மாதமாக அண்ணன் வீட்டு ஹாலில் குடியிருக்கிறேன். என் துணிப்பை சோபாவுக்குப் பின்னால் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் அண்ணியின் விருந்தாளிகளை எழுந்திருக்கச் சொல்ல வேண்டும். இந்த அறையும் கைநழுவிப் போனால் எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்.

ஹவுஸ் ஓனர் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு ஆள் எடுத்தே ஓய்வு பெற்றவர். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறேன் என்றதும் தலையாட்டினார். விவாகரத்து என்றதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"புகுந்த வீட்டுல எத்தனை வருஷம் இருந்தீங்கம்மா?"

"பதினோரு வருஷம் சார்."

"அப்ப அங்கேருந்து அனுபவச் சான்றிதழ் வாங்கிட்டு வந்துடுங்க. சனிக்கிழமைக்குள்ள வரலைன்னா வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவேன்."

நான் சிரித்தேன். அவர் வீட்டில் சிரிக்கிற வழக்கம் இல்லை போலிருக்கிறது.

என் தலையெழுத்து, முன்னாள் கணவருக்கும் ஒரு கம்பெனியில் அதே உத்தியோகம். அவர் அலுவலகத்துக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். நியாயமான கோரிக்கை என்று ஒப்புக்கொண்டவர், பழக்கதோஷத்தில் மேஜை டிராயரிலிருந்து ஒரு படிவத்தையும் உருவிவிட்டார்.

"விலகிப் போறவங்ககிட்ட சில கேள்வி கேக்கணும். அப்புறம்தான் சான்றிதழ். உக்காருங்க."

கல்யாணமான நாளிலிருந்து இதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் 'உக்காருங்க'. உட்கார்ந்தேன்.

"இங்க உங்களுக்கு இருந்த குறைகள் என்னென்ன?"

ஒப்புக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். மனிதர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிஜமாகவே காத்திருந்தார். நான் காய்ச்சலில் கிடந்தபோது சட்டைக்கு இஸ்திரி கேட்டதில் ஆரம்பித்தேன். என் அம்மா இறந்த அன்று மீட்டிங் இருக்கிறது என்று கிளம்பிப் போனதையும் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை, மடமடவென்று எழுதினார். படிவம் நிரம்பி, பியூனிடம் கூடுதல் தாள் கேட்டு வாங்கினார். சாப்பாட்டு நேரம் வந்து போயிற்று. அறுபத்திரண்டாவது குறையில் பேனா நின்றது.

"இதெல்லாம் அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அப்ப யாரும் கேக்கலையே."

அவர் அதையும் அறுபத்து மூன்றாவதாகக் குறித்துக்கொண்டார். பிறகு, விலகிப் போகிற எல்லாருக்கும் எழுதுகிற நாலு வரியையே எனக்கும் எழுதி, சீல் குத்திக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை ஹவுஸ் ஓனர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி படித்தார். நடத்தை திருப்திகரம் என்ற இடத்தில் முகம் மலர்ந்தது. கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது.

"இதைவிட நல்ல வாய்ப்பு கிடைச்சதால விலகினாங்கன்னு போட்டிருக்காரே. என்னம்மா அந்த வாய்ப்பு?"

"அந்தச் சாவிதான் சார்" என்று கையை நீட்டினேன்.