ஆதம்பாவாவின் பூப்படலை

"பூ எண்டு சொல்லாதீங்கோ. ஓட்டை எண்டு சொல்லுங்கோ," என்றாள் சபூரா, தெருவில் போன மாடு நின்று திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

"சத்தத்தைக் குறை. ஊர் கேக்குது," என்றார் அவள் புருசன் ஆதம்பாவா, கையில் உளியோடு.

"கேக்கட்டும். இனி எல்லாத்தையும் பாக்கவும் போகுதுதானே. அடுப்படியில நான் குந்தியிருக்கிறதுகூட அதுக்குள்ளால தெரியுது."

வளவுக்குள் சாக்குக் கட்டி மறைத்துக்கொண்டு மனிதர் மாதக்கணக்காகச் செதுக்கிய படலை, வேலிவாசலுக்கான மரக்கதவு, அன்று காலையில்தான் வாசலில் ஏறியிருந்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் அரிப்புக் கடற்கரையில் தேத்தண்ணிக் கடை போட்டவர், அங்கே துரைமார் தங்கிய பங்களாவின் தோட்டத்துப் படலையைக் கண்டு மயங்கிப்போனார். அதேபோல முதிரைப் பலகை, மேலே வளைவு, நடுவில் இரண்டு பெரிய பூ, இதழுக்கு இதழ் இடையில் மறுபக்கம் தெரியக் குடைந்தது. ரோசாச் செடிகளைத் தெரு பார்க்கட்டும் என்று துரைசானி வைத்த படலை அது. சிலாவத்துறையில் முஸ்லிம் வீட்டுக்கு வேலியும் படலையும் எதற்கென்று ஆதம்பாவாவுக்குத் தெரியாமலில்லை. உளியைக் கையில் எடுத்ததும் மறந்துவிட்டது, அவ்வளவுதான். பழைய கிடுகுப் படலையையோ முந்தின நாளே அடுப்புக்குக் கொடுத்தாயிற்று.

வேறு நாளென்றால் சபூரா புருசனோடு பேசாமலிருந்தே கணக்கைத் தீர்த்திருப்பாள். ஆனால் அன்று அசர் தொழுகைக்குப் பிறகு மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலிருந்து மகள் நசீறாவைப் பெண்பார்க்க வருகிறார்கள். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்வீட்டோடுதான் இருப்பார். ஆகவே பெண்ணுக்கு முன்னால் வீட்டைப் பார்ப்பார்கள், வீட்டுக்கு முன்னால் வேலியை. மாப்பிள்ளையின் தாய் உம்மு குல்சூம், முன்பு பார்க்கப்போன ஒரு வீட்டில் வேலி தாழ்ந்திருக்கிறது என்று சொல்லி வாசலோடு திரும்பியவராம். எதிர்வீட்டுக் கைருன்னிசா சொன்னாள். இப்படிப்பட்ட சேதிகள் அவளுக்குத்தான் முதலில் கிடைக்கும்.

கடைசியில் சபூரா ஒரு பன்பாயை எடுத்துவந்து படலையின் உட்புறத்தில் தொங்கவிட்டாள். ஆதம்பாவா மையித்துக்குத் துணி போர்த்துவதைப் பார்ப்பவர்போல நின்றார்.

தோணியில் வந்து கரையிறங்கிய உம்மு குல்சூம் வண்டிக்காரன் தம்புவின் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தார். கூட்டிவந்த சாட்டில் மாப்பிள்ளை றஊப்பும் வந்து வெளியே வண்டியடியில் நின்றுகொண்டார். தாய் படலையைத் தடவினார். பூவுக்குள் ஒரு விரலை விட்டார். விரல் பாயில் முட்டியது.

"இதென்ன பாய்?"

"வெயில் பட்டாப் புதுப்பலகை வெடிச்சுப்போகும், றாத்தா," என்றாள் சபூரா. இவ்வளவு சுத்தமான பொய் தனக்கு வருமென்று அவளுக்கே தெரியாது.

"ம்," என்றார் உம்மு குல்சூம்.

உள்ளே வட்டிலப்பம் வைத்தார்கள். ஆதம்பாவா முதிரையைப் பற்றித் தொடங்கினார். அப்போதுதான் சபூரா யன்னலால் பார்த்தாள்: அடுப்படியில் இருக்கவேண்டிய நசீறா படலையடியில் நிற்கிறாள், பாயின் ஓரத்தைத் தூக்கி, பூவில் கண்ணை வைத்து. விருந்தாளி கழுத்தை ஒரு பக்கம் திருப்பினால் எல்லாம் முடிந்தது. சபூரா எழும்பி யன்னலை மறைத்து நின்று, "இன்னும் ஒரு கரண்டி, றாத்தா," என்றாள்.

வெளியே 'படக்' என்றது.

எல்லோரும் எழும்பி ஓடினார்கள். படலை திறந்து கிடந்தது. பூவில் ஒரு இதழ் இல்லை.

"இந்த வண்டிக்காரன் சாய்ஞ்சு உடைச்சிட்டான்," என்றார் றஊப்.

"நான் மாட்டடியில நிண்டனான், அம்மா. படலைப் பக்கம் வரவே இல்லை," என்றான் தம்பு.

"என்ர மகன் பொய் சொல்லுறானோ? ஊர் உடையாரிட்டச் சொல்லி உன்ர வண்டியை நிப்பாட்டுறன் பார்."

பாய்க்குப் பின்னாலிருந்து நசீறாவின் குரல் வந்தது. "வண்டிக்காரர் இல்ல. முதிரையோ எண்டு பேனாக்கத்தியால சுரண்டினது மற்றவர். துண்டு அவர்ட பொக்கட்டில கிடக்கு."

உம்மு குல்சூம் மகனின் பொக்கட்டைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தார். "புள்ள எங்க நிண்டு கண்டா?"

சபூராவிடம் இன்னொரு பொய் தயாராக இருந்தது. சின்னப்பிள்ளை, தெரியாமல் சொல்லுது என்றால் போதும். சம்பந்தம் நிற்கும், தம்புவின் வண்டி போகும். அவள் றஊப்பைப் பார்த்தாள். அவர் கை பொக்கட்டுக்குள் எதையோ பொத்திப் பிடித்திருந்தது. நாளைக்கு இந்த மனிதர் தன் வீட்டில்தான் சாப்பிடுவார், படுப்பார். உடைவதையெல்லாம் யார் தலையில் கட்டுவார்?

அவள் பாயைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டாள்.

"இதுக்குள்ளாலதான் கண்டவ, றாத்தா. நல்லா வடிவாத் தெரியும். வேணுமெண்டா நீங்களும் பாருங்கோ."

தாயும் மகனும் திரும்பிப் போனார்கள். போனதும் தம்புவின் வண்டியில்தான். வேறு வண்டி கிடைக்கவில்லை.

றஊப் அடுத்த வருசமே விடத்தல்தீவில் கலியாணம் முடித்து, மாமனாரோடு ஒத்துப்போகாமல் கொழும்புக்குப் போய்விட்டார். நசீறாவுக்கோ கொஞ்சக்காலம் ஒருவரும் வரவில்லை. எட்டிப்பார்த்த பெட்டை என்ற பேர் தீவு முழுக்கப் போயிருந்தது. கொண்டுபோனது யாரென்று சிலாவத்துறையில் கேட்பார் இல்லை, எல்லோரும் எதிர்வீட்டைத்தான் பார்த்தார்கள். பிறகு புத்தளத்தில் தையல்கடை வைத்திருந்த, தாயில்லாத ஹுசைன் என்பவர் வந்து முடித்து, ஊர்வழக்கத்துக்கு மாறாக அவளைத் தன்னோடு புத்தளத்துக்கே கூட்டிப்போனார். கைருன்னிசாவும் மன்னாரில் மகள் வீட்டோடு குடிபோனாள். அந்த வீட்டைச் சுற்றி ஆளுயரக் கல்மதிலாம், எட்டிப்பார்க்க ஒரு ஓட்டைகூட இல்லையாம், பாவம்.