பூட்டிய வீட்டுக் கூலி

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. ஒரு கூலிக் கணக்கெடுப்பில், குலுக்கலில் விழுந்த வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்டு எழுதிக்கொள்வார்களாம். கல்வராயன் மலையிலோ சில மாதங்களில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும். கூலிக்குப் போனவனை விட்டுவிட்டுப் போகாதவனிடம் கூலி கேட்டால் உருப்படுமா?

அதனால் ஜெயசுதாவை உண்டாக்கினேன். கள்ளக்குறிச்சியில் கணக்கெடுப்பு அதிகாரி. பதில் வீடே கூடாது, ஆள் வரும்வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்று மேலிடத்தோடு மல்லுக்கட்டி முறையை மாற்றியவள்.

2

(முதல் தொடக்கம்: ‘மலைமேல் மேகங்கள் தவழ்ந்து...’ சீ! வயிற்றுப்பாட்டுக் கதையில் மேகத்துக்கு என்ன வேலை?)

புதுமுறையில் விழுந்த முதல் வீடு முருகவேல், கவியா தம்பதியுடையது. பூட்டு.

“மொளகு பறிக்க கேரளா போய்க்கிறாங்க மேடம்,” என்றாள் அடுத்த வீட்டுப் பச்சையம்மாள். “என்னக் கேளுங்க, சொல்றேன். இன்னாத்துக்கு அலையிறீங்க?”

“இல்லக்கா, அவங்கதான் சொல்லணும்.”

இதைச் சொல்லும்போது ஜெயசுதாவுக்குக் கொஞ்சம் பெருமை.*

*அந்தப் பெருமையைக் கொடுத்தவன் நான். கொடுத்திருக்கக் கூடாது.

3

பங்குனியில் மறுபடி போனாள். கதவு திறந்திருந்தது. அப்பாடா என்று உள்ளே நுழைந்தவள் முகமெல்லாம்

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

முருகவேல் மட்டும் தாடியோடு உட்கார்ந்திருந்தான். மிளகுக்கொடி மரத்தில் சாத்திய ஏணி சறுக்கி, கவியா எஸ்டேட்டிலேயே செத்துப்போயிருந்தாள்.

ஜெயசுதா டேப்லெட்டை எடுத்து மறுபடி பைக்குள் வைத்தாள். ஆனாலும் கேட்டாள். வேறென்ன செய்வாள், பாவம்!

“வீட்ல இப்ப யார் யாருங்க?”

“நான்தாங்க.”

அவன் கூலியை டேப்லெட்டில் ஏற்றினாள். உயிரோடு இருப்பவர்களை மட்டும்தான் ஏற்றலாம். அந்த விதியை மாற்ற அவளுக்குத் தோன்றியதே இல்லை.

“என்னக் காட்டியும் அவதாங்க ஜாஸ்தி பறிப்பா,” என்றான் முருகவேல். “அவளையும் எழுதிக்கோங்க மேடம்.”

4

முடிவு ஒன்று: எழுதுகிறாள். பொய்க் கணக்கு என்று மேலிடம் புதுமுறையையே தூக்கிப்போடுகிறது. ஊரைவிட்டுப் பிழைக்கப்போன அத்தனை பேரும் மறுபடி கணக்கில் இல்லை.

முடிவு இரண்டு: விதியைச் சொல்கிறாள். சொல்லிவிட்டு முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

ஏணி வாக்கியத்தை அடித்தும் பார்த்தேன். எழுதுகிறவன் நான்தானே! அடித்த பிறகும் அவன் தாடியோடு தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அழுகை வருகிறது.

அவன் நிறுத்தவில்லை. “பேரு கவியாங்க. வயசு இருபத்தாறு...”

ஜெயசுதா என்னைப் பார்க்கவில்லை, என்மேல் அவளுக்குக் கோபம். உங்களைத்தான் பார்க்கிறாள். ஏதாவது சொல்லுங்கள்.