மெயினை இறக்க வேண்டாம்

வேலுமணி மாமா திருப்பூரிலிருந்து சங்கிலி வாங்கி வந்தார். மாடு கட்டுகிற சங்கிலி. அதைத் தறிக்கூடத்து வாசலில் போட்டதும் அம்மா உள்ளே போய்விட்டாள்.

"கயித்தப் பல்லுலயே கடிச்சு அத்துப் போடறாளுங்க மச்சான். இது அறாது."

அப்பா சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். போன அமாவாசையில் அக்கா கடித்த தழும்பு அவர் முன்கையில் இன்னும் கறுப்பாக இருந்தது.

அக்கா சுப்புலட்சுமிக்கு இருபத்தாறு வயது. பேச்சு வராது. தறிக்கூடத்தின் மூலையில் உட்கார்ந்து நாள் முழுவதும் கழிவு நூல் பிரிப்பாள். அமாவாசை வந்தால் கத்துவாள், கையில் கிடைத்ததை எறிவாள், கிட்டே போனால் கடிப்பாள். நிலவுதான் அவளை ஆட்டுகிறது என்று பெருமாநல்லூரில் எல்லோரும் சொன்னார்கள். முந்தின மாலையே அவளைத் தூணில் கட்டிவிடுவார்கள்.

நான் பி.எஸ்ஸி. முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருந்தேன். அக்கா கத்திய நாள், நேரம், அதற்கு முன் நடந்தது ஆகியவற்றைக் காலண்டர் தாள்களின் பின்புறத்தில் எட்டு மாதமாக எழுதிவந்தேன். அன்று, அமாவாசைக்கு முந்தின நாள், அவற்றை அப்பாவிடம் நீட்டினேன்.

"நிலா இல்லீங்கப்பா. தறிச் சத்தம் சட்டுனு நிக்கறதுதான்."

அமாவாசையன்று தறி ஓட்டக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கைத்தறி போய் விசைத்தறி வந்த பிறகும் அது மாறவில்லை. முந்தின மாலை ஆறு மணிக்கு அப்பா மெயின் சுவிட்சை இறக்குவார். ஆறு தறியும் ஒரே நொடியில் நின்றுவிடும்.

"ஆடியில ரெண்டு தடவை கரண்டு போச்சுங்க. அப்பவும் கத்துனா. தை அமாவாசைக்கு நெருப்பெரிச்சல் ஊர்ல சித்தி ஊட்டுல இருந்தா. பக்கத்துல பனியன் மிசினு ஓடுச்சு. ஒண்ணுமே பண்ணலீங்க."

"காலேசுக்கு அனுப்புனா நிலாவுக்கே சர்டிபிகேட் கேக்கறா பாருங்க மச்சான்," என்றார் மாமா.

"இன்னிக்கு மெயினை இறக்காதீங்கப்பா. ஒவ்வொண்ணா நிறுத்தலாம். அக்காவே நிறுத்தட்டும்."

"கடிச்சா?" என்றார் அப்பா.

"என்னையக் கடிக்கட்டுங்க."

அப்பா தாள்களை மடித்தார். "இந்த ஒருக்கா மட்டும் பாப்போம் கண்ணு. ஆகலைன்னா சங்கிலிதான்."

மூன்று நாளாக, அப்பா சாப்பிடப் போகும் நேரத்தில் அக்காவின் கையை முதல் தறியின் கைப்பிடியில் வைத்து, நிறுத்தவும் ஓட்டவும் பழக்கியிருந்தேன். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

நாலரை மணிக்கு அக்கா முதல் தறியை நிறுத்தினாள். மற்ற ஐந்தையும் திரும்பிப் பார்த்தாள். சத்தம் இருந்தது. "நல்லா நிறுத்துன, அக்கா," என்றேன். சிரித்தாள். கால் மணி நேரத்துக்கு ஒன்றாக நிறுத்திக்கொண்டே போனோம். ஐந்தாவது நின்றதும் தன் தொடையில் அறைந்துகொண்டாள். மாமா சங்கிலியைத் தூக்கினார். அது கலகலத்தது.

"அதக் கீழ வைங்க மாமா!"

நான் அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் முறை. அவர் வைத்துவிட்டார்.

ஆறாவது தறியின் கைப்பிடியை அக்கா பிடித்துக்கொண்டு நின்றாள். நிறுத்தவில்லை. மணி ஆறு தாண்டியது. அப்பா மெயினைப் பார்த்தார். நான் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு மூலையில் இருந்த கைராட்டையின் முன் உட்கார்ந்து நூல் சுற்ற ஆரம்பித்தேன். ராட்டை கிறீச்சிட்டது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். பிறகு கைப்பிடியைத் தள்ளினாள்.

தறி நின்றது. ஒருமுறை கத்தினாள். நூல் கூடையை எறிந்தாள். அது மாமாவின் காலில் விழுந்தது. நான் சுற்றுவதை நிறுத்தவில்லை. அக்கா வந்து என்னை இடித்துத் தள்ளிவிட்டு, ராட்டையைத் தானே பிடித்துச் சுற்றினாள்.

"நூலெல்லாம் சிக்காவுதுங்க," என்றாள் அம்மா, வாசலில் வந்து நின்று.

"ஆவட்டும்," என்றார் அப்பா.

நான் தாளில் எழுதினேன்: கத்தல் ஒன்று. எறிந்தது கூடை. கடி இல்லை.

"நாளைக்கு முழுநாளும் இருக்குதுங்க மச்சான்," என்றார் மாமா.

"நாளைக்கும் ராட்டை இருக்குதுங்க மாமா."

அப்பா சங்கிலியை எடுத்து மாமாவின் பைக்குள் போட்டார்.

"கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானான்னு கேளு, வேலுமணி."