ஒரே கூரை, ஒரே அடுப்பு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதென்றால், நாட்டில் குடும்பம் என்று ஒன்று இருப்பதை அரசு கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடித்த கையோடு அதற்கு ஒரு நாளும் ஒதுக்கிவிட்டது. ஆண்டுக்கொரு முறை குடும்ப நாள். கடை, அலுவலகம், பள்ளி எல்லாம் மூடியிருக்கும். அவரவர் குடும்பத்தோடு உட்கார்ந்து மதியம் சாப்பிட வேண்டும். "குடும்பம்தான் நாட்டின் முதுகெலும்பு" என்று மந்திரி முழங்கினார். போன மாதம் விவசாயத்தையும், அதற்கு முந்தின மாதம் சிமென்ட்டையும் அவர் அதே இடத்தில்தான் வைத்திருந்தார்.

சட்டத்தை எழுதியவர் குடும்ப நலத் துறையில் ஒரு பிரிவு அதிகாரி. அலுவலகத்தில் அவருக்குக் 'குடும்பஸ்தர்' என்று பட்டப்பெயர். மனைவி இருந்த காலத்தில் வைத்தது. அவள் இறந்த பிறகு அதை மாற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. நாட்டின் குடும்பங்களைக் காப்பாற்றிவிட்டு அவர் வீடு திரும்ப வெகுநேரம் ஆகும் என்பதால், பத்து வயது மகளை ஊருக்கு வெளியே ஒரு சமயப் பள்ளியின் விடுதியில் சேர்த்திருந்தார். நல்ல பள்ளி. விடியலில் பிரார்த்தனை, படுக்கும் முன் பிரார்த்தனை, நடுவில் கணக்கு. பெரிய விடுமுறைக்கு மட்டும்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். அவர் பார்ப்பதில்லை. யாராவது பேசட்டுமே என்று போட்டுவைப்பார்.

ஆகவே குடும்ப நாள் யோசனை மேலிடத்திலிருந்து இறங்கியபோது அதை அவர் வேறு யார் மேஜைக்கும் போகவிடவில்லை. 'அன்று பிள்ளைகள் தத்தம் குடும்பத்தோடு இருத்தல் வேண்டும்' என்ற வரியைத்தான் முதலில் எழுதினார். மீதிச் சட்டம் அந்த வரிக்குத் துணைக்கு வந்தது.

குடும்பம் என்றால் என்ன என்று ஒரு விளக்கமும் வேண்டியிருந்தது. அங்கேதான் வினை. ரத்த உறவு என்று போட்டால் தத்தெடுத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். கல்யாணம் என்று போட்டால் செய்யாதவர்கள் வருவார்கள். செய்தவர்களிலும் சிலர் வருவார்கள். யோசித்து யோசித்து, எவரும் கோபித்துக்கொள்ள வழியில்லாத ஒன்றைப் பிடித்தார்: 'ஒரே கூரையின் கீழ் வசித்து, ஒரே அடுப்பில் உண்பவர்கள் குடும்பம் எனப்படுவர்.' இயக்குநர் படித்துவிட்டு, "அடேயப்பா, கவிதை மாதிரி இருக்கே!" என்று கையெழுத்துப் போட்டார்.

குடும்ப நாளுக்கு முந்தின நாள் மகளை அழைத்துவரப் போனார். பள்ளியின் தலைமைத் துறவியம்மா எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க சார். உங்க சட்டத்தைத்தான் காலைப் பிரார்த்தனையில வாசிச்சோம்."

"சந்தோஷம்மா. பாப்பாவைக் கூட்டிட்டுப் போகலாம்னு..."

"எங்க?"

"வீட்டுக்குத்தான். நாளைக்குக் குடும்ப நாளாச்சே."

"அதனாலதான் சார் கேக்கறேன். பிள்ளை நாளைக்குக் குடும்பத்தோட இருக்கணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? பள்ளிக்கூடத்தை மூடியாச்சு. விடுதியில முன்னூறு பிள்ளைங்க. ஒரே கூரை, ஒரே அடுப்பு. உங்க வீட்டுல எத்தனை பேர்?"



"நான் அவளோட அப்பாங்க" என்றார்.

"யார் இல்லேன்னு சொன்னா? ஆனா அப்பான்னு உங்க சட்டத்துல ஒரு வார்த்தை கிடையாதே. நானும் தேடித் தேடிப் பாத்துட்டேன்." துறவியம்மா குரலைத் தாழ்த்தினார். "எனக்கு அனுப்ப ஆசைதான் சார். உங்க இன்ஸ்பெக்டர் நாளைக்குத் தலை எண்ண வர்றாராம். போன தடவை சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலைன்னு மானியத்தை நிறுத்தி வச்ச மனுஷன். ஒரு பிள்ளை குறைஞ்சா என்னை உயிரோட விடமாட்டார்."

அதிகாரி வாசலுக்கு வந்து இயக்குநருக்குப் போன் போட்டார்.

"திருத்தம்தானே? தாராளமாப் பண்ணலாம்யா. அடுத்த வருஷம் ஒரு குழு போட்டுடுவோம். ஆமா, உனக்கு எதுக்கு இந்தக் கவலை? தனி ஆளு. நாளைக்கு நல்லாக் காலை நீட்டி நிம்மதியாத் தூங்கு."

திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் துறவியம்மாவுக்கு மனசு இளகிவிட்டது.

"ஒண்ணு பண்ணுங்க. நாளை மதியம் குடும்பம் இல்லாதவங்களுக்கு இங்க விருந்து வைக்கிறோம். பிள்ளைங்கதான் பரிமாறுவாங்க. நீங்களும் வந்துடுங்க."

மறுநாள் தேய்த்த சட்டையோடு போனார். நீண்ட பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர்.

"உங்களுக்கும் யாரும் இல்லியா?"

"ஒரு பொண்ணு இருக்கா."

"எங்க?"

"இங்கதான். அதோ, குழம்பு வாளி வச்சிருக்காளே."

டிரைவர் வாளியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்புறம் எதுக்குய்யா அனாதைங்க வரிசையில வந்து குந்தியிருக்க?"

"சட்டம் அப்படி."

"எந்த மடையன் எழுதினான் அதை?"

அவர் தண்ணீர் குடித்தார்.

மகள் வரிசையில் வந்தாள். அப்பாவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. பிறகு நிமிர்ந்து நின்று, "ஐயா, இதை உங்க வீடு மாதிரி நினைச்சுக் கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்றாள். சொல்லி முடித்துக் குனிந்து, "எல்லாருக்கும் சொல்லணும்ப்பா. சொல்லலேன்னா திட்டு விழும்" என்றாள்.

"சரிடா. நீ சாப்பிட்டியா?"

"விருந்தாளிங்க சாப்பிட்ட அப்புறம்தான் நாங்க."

"ராத்திரி நல்லாத் தூங்கறியா? பயமா இல்லியே?"

"முன்னூறு பேரு இருக்கோம், என்ன பயம்? உங்களுக்குத்தான்ப்பா பயமா இருக்கும்."

கரண்டி நிறையக் குழம்பு ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை. அதை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். பின்னால் சோற்று வாளிக்காரி முட்டிக்கொண்டு நின்றாள். மகள் ஓர் அடி நகர்ந்து, லாரி டிரைவர் முன்னால் நிமிர்ந்து நின்று, அதே சிரிப்போடு, "ஐயா, இதை உங்க வீடு மாதிரி நினைச்சுக்..." என்று தொடங்கினாள்.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. உப்பு கொஞ்சம் கம்மி.